‘லேக்’ என்னும் ஒற்றைச் சொல் தீர்ப்பு

திரைப்பட ரசிகர்களின் உரையாடலில் மிக மலிவாகக் கிடைக்கும் தீர்ப்பு ‘லேக்’. ஸாக் ஸ்னைடரின் நான்கு மணிநேர ‘ஜஸ்டிஸ் லீக்’ லேக். ‘வாண்டாவிஷன்’ தொடரின் தொடக்கப் பகுதிகள் லேக். ராபர்ட் எக்கர்ஸின் மறுஆக்கம் 2024இல் வந்ததையொட்டி ஆர்வத்தோடு தேடிப் பார்க்கப்பட்ட முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’, 1922ஆம் ஆண்டின் மௌனப்படம், அதுவும் லேக். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று படைப்புகள், தீர்ப்பு ஒன்றுதான். இதைக் கேட்கும் பேராசிரியர்கள் பெரும்பாலும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். கைபேசி கெடுத்த தலைமுறை, பத்து விநாடிக் காணொளிக்கு மேல் மனம் நிற்காத தலைமுறை என்ற விளக்கம் ஆயத்தமாக இருக்கிறது. ரசிகர் பக்கம் படத்தின் மீது பழி; பேராசிரியர் பக்கம் ரசிகரின் மீது பழி.

இரு தரப்பும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்றுண்டு. எந்தப் பிரதி? எந்த வேகத்தில் ஓடியது? அந்த வேகத்தை முடிவு செய்தவர் யார்? ஒரு மனிதனின் உயரத்தைப் போல, படத்தின் ஓட்டமும் அதனுள்ளேயே நிலையாக இருக்கும் பண்பு என்று இருவரும் எடுத்துக்கொள்கிறார்கள். மௌனக்கால வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

‘நோஸ்ஃபெராட்டு’வின் நீளம் எவ்வளவு என்று தேடினால் 63 நிமிடம் என்றும் விடை வரும், 94 நிமிடம் என்றும் வரும். இரண்டும் பிழையல்ல. ஓரளவு வெட்டுகளால், ஓரளவு ஓடும் வேகத்தால் விளைந்த வேறுபாடு அது. மௌனக்காலக் கேமராவைக் கையால் சுழற்றினார்கள். கைப்பிடியை ஒருமுறை சுழற்றினால் எட்டுச் சட்டகம். விநாடிக்கு இரண்டு சுழற்சி என்றால் 16 சட்டகம். ஆனால் இது விதியல்ல, பழக்கம். ஒளிப்பதிவாளரின் கை, காட்சியின் தேவை, ஆண்டு, ஸ்டுடியோ ஆகியவற்றைப் பொறுத்து 16 முதல் 24 வரையும் அதற்கு மேலும் வேகம் மாறியது. விநாடிக்கு 24 என்ற எண்ணை உலகம் முழுவதற்கும் உறுதியாக்கியது கலையழகு பற்றிய முடிவல்ல, ஒலி. ஒலிக்கு மாறாத வேகம் வேண்டும், இல்லையென்றால் குரல் குழறும். அதன்பின் அமைந்த கருவிகளில் பழைய மௌனப்படங்களையும் அப்படியே போட்டு ஓட்டினார்கள். 16 சட்டக வேகத்தில் 90 நிமிடம் ஓட வேண்டிய படம் 24 சட்டக வேகத்தில் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். மௌனப்பட மனிதர்கள் எல்லோரும் பொம்மைகளைப் போல விடுக்விடுக்கென்று நடந்தார்கள் என்று பல தலைமுறைகள் நம்பியது இதனால்தான். கெவின் பிரவுன்லோ 1980இல் மௌனப்படங்களின் சரியான வேகம் எது என்று கேட்டு எழுதிய கட்டுரை, அந்தக் கேள்விக்கு ஒற்றை எண் விடையாக வராது என்பதைச் சான்றுகளோடு காட்டியது. படமெடுத்த வேகம் ஒன்று, அரங்கில் ஓட்டிய வேகம் இன்னொன்று என்பதே அன்றைய நடைமுறை. கூட்டம் அதிகமான நாளில் இன்னொரு காட்சியைச் சேர்ப்பதற்காகக் கருவியை வேகமாக ஓட்டிய அரங்குகளும் இருந்தன.

இங்கேதான் வேடிக்கை. இணையத்தில் முதலில் கைக்குக் கிடைக்கும் சுருங்கிய பிரதியில் ‘நோஸ்ஃபெராட்டு’வைப் பார்க்கும் மாணவர், முர்னாவ் எடுத்ததைவிட வேகமாக ஓடும் படத்தைப் பார்த்துவிட்டு ‘மெதுவாக இருக்கிறது’ என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே சலித்தது. ஆனால் சலிப்பும் வேகமும் எதிரெதிர்ச் சொற்கள் அல்ல. ஓர் உருவம் கதவுக்கு அப்பால் அசையாமல் நிற்கிறது; அது அசையுமா என்று காத்திருக்கும் நேரத்தில்தான் திகில் பிறக்கிறது. அந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பறித்துவிட்டால், மிஞ்சுவது முகப்பூச்சு அணிந்த ஒரு நடிகர் கதவருகே நிற்கும் காட்சி. காத்திருப்பு இல்லாத இடத்தில் பயம் இல்லை. பயம் இல்லாத திகில் படம் எவ்வளவு விரைவாக ஓடினாலும் நீளமாகத்தான் தோன்றும்.

இன்னும் நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. அந்தப் படத்தில் வேகம் வெறும் வேகமல்ல, பொருள் தரும் குறி. ஹுட்டரை ஓர்லோக் பிரபுவின் கோட்டைக்கு ஏற்றிச் செல்லும் வண்டி இயற்கைக்கு மாறான துரிதத்தில், வெட்டி வெட்டி ஓடுகிறது. வழியில் காடு நெகட்டிவ் பிம்பமாக மாறி, மரங்கள் வெளுத்துத் தெரிகின்றன. பின்னால் ஓர்லோக் தனியாளாகச் சவப்பெட்டிகளை வண்டியில் அடுக்குகிறான். அதுவும் அதே துரிதத்தில். பெட்டிக்குள் அவன் படுத்ததும் மூடி தானாக வந்து அமர்கிறது, வண்டி கிளம்புகிறது. மனித உலகம் ஒரு வேகத்திலும் மனிதனல்லாதது இன்னொரு வேகத்திலும் இயங்குகின்றன என்பதே படத்தின் இலக்கணம். நடுஇரவில் ஹுட்டரின் அறையை நோக்கி வரும்போது அதே ஓர்லோக் மிக நிதானமாக வருகிறான். இரண்டு ஓரங்களுக்கும் நடுவே, சாதாரண மனிதரின் சாதாரண நடை ஒன்று அளவுகோலாக இருந்தாக வேண்டும். தவறான வேகத்தில் ஓடும் பிரதியில் ஹுட்டரும் துரிதமாக நடக்கிறான், அவன் மனைவியும் துரிதமாக நடக்கிறாள், தெருவில் போகிறவர்களும் துரிதமாகப் போகிறார்கள். அப்புறம் பேயின் வண்டி துரிதமாக ஓடுவதில் என்ன இருக்கிறது? அளவுகோலே பறிபோய்விட்டது.

வண்ணத்திலும் இதே கதை. அன்றைய ஒளிப்பதிவுச் சுருளால் இருட்டில் படமெடுக்க முடியாது. ஆகவே இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, பிரதியில் நீல நிறமேற்றினார்கள். நீலம் என்றால் இரவு என்று அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நிறம் ஏற்றாத கறுப்பு வெள்ளைப் பிரதியிலோ ஓர்லோக் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் ஊருக்குள் நடக்கிறான். ரசிகர்கள் இதைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பார்கள். சூரிய ஒளியில் அழியும் பிசாசு பகலில் நடப்பதா என்று கேட்பார்கள். அந்தச் சிரிப்பில் உள்ள தருக்கம் முற்றிலும் சரி. தவறு பிரதியுடையது. சூரிய ஒளி பட்டால் இரத்தக்காட்டேரி அழியும் என்ற விதியையே பரப்பியது இந்தப் படம்தான். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் வெளியே நடமாடக்கூடியவன். மார்வெலின் ‘பிளேட்’ 1998இல் பகலில் நடக்கக்கூடிய நாயகனை நிறுத்தி, ஒரு மூத்த காட்டேரியை விடியலில் எரித்துக் கொல்ல முடிந்ததற்கு முர்னாவுக்கே நன்றி சொல்ல வேண்டும். தன் சொந்த விதியைத் தானே மீறியதாக அந்தப் படம் இன்று கேலி செய்யப்படுவது, நிறமேற்றம் அழிந்துபோன ஒரு பிரதியால்.

இப்போது சூப்பர் ஹீரோப் படங்களுக்கு வரலாம். மேம்போக்காகப் பார்த்தால் இவை மௌனத் திகிலுக்கு நேர் எதிர்: வெடிப்பு, ஓட்டம், துண்டு துண்டான படத்தொகுப்பு. டேவிட் போர்ட்வெல் காட்டிய கணக்கு திரைப்பட ஆய்வு மாணவர்களுக்குப் பழக்கமானது. 1930க்கும் 1960க்கும் இடைப்பட்ட ஹாலிவுட் படங்களில் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் எட்டு முதல் பதினொரு விநாடி வரை இருந்தது. 1990களின் இறுதியில் அது மூன்று முதல் ஆறு விநாடியாகச் சுருங்கியது. இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு ‘பழையது மெதுவு, புதியது வேகம்’ என்று கோடு இழுப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். 1920களின் மௌனப்படங்களில் ஷாட்டுகள் குட்டையாகவே இருந்தன. ஒலி வந்தபிறகுதான் அவை நீண்டன.

அதைவிட முக்கியமானது வேறொன்று. சூப்பர் ஹீரோப் படம் தன் உச்சத்தைத் தொடும் இடத்தில் பெரும்பாலும் மெதுவாகிவிடுகிறது. ‘எக்ஸ்-மென்: டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ 2014இல் வந்தது. அதில் பெண்டகன் சமையலறையில் குவிக்சில்வர் ஓடும் காட்சியை அந்த வகைப் படங்களின் ரசிகர் எவரும் மறந்திருக்கமாட்டார். உலகிலேயே வேகமான மனிதனைக் காட்டுவதற்குப் படம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தண்ணீர்த் துளிகளும் தோட்டாக்களும் காற்றில் தொங்குகின்றன. அவன் சுவரில் ஓடுகிறான், சாறை விரலால் தொட்டுச் சுவைக்கிறான், தோட்டாவைத் தள்ளிவைக்கிறான். பின்னணியில் ஒரு மென்மையான பழைய பாட்டு. முர்னாவ் அமானுஷ்யத்தைக் காட்டத் துரிதத்தைக் கையாண்டார். இவர்கள் நிதானத்தைக் கையாள்கிறார்கள். தொழில்நுட்பம் தலைகீழ், இலக்கணம் ஒன்று: சாதாரண மனிதருக்கு ஒரு காலம், மற்றவருக்கு இன்னொரு காலம். அந்தக் காட்சியை எவரும் ‘லேக்’ என்று சொன்னதாகத் தெரியவில்லை. ஏனென்றால் அங்கே நிதானம் எதைச் சொல்கிறது என்பது உடனே விளங்கிவிடுகிறது. மௌனத் திகிலின் நிதானத்துக்கும் அப்படி விளங்கும் வாய்ப்பைப் பிரதி தர வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்னைடரின் படத்தை எடுத்துக்கொண்டால், ரசிகர்கள் கல்வித்துறையைவிட ஒரு படி முன்னால் இருப்பது தெரியும். 2017இல் அரங்குகளுக்கு வந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ 120 நிமிடம். 2021 மார்ச்சில் ஓடிடியில் வந்த ஸ்னைடரின் வடிவம் 242 நிமிடம். முதலாவதைவிட இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். அதை வெளிக்கொணர்வதற்காக ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திய இயக்கத்தில் பண்பற்ற வசவுகளும் தனிநபர்த் தாக்குதல்களும் இருந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் அடியில் இருந்த அறிவுக் கோரிக்கையைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு அறிந்த எவரும் உடனே அடையாளம் காண்பார். கைக்குக் கிடைத்த பாடமே ஆசிரியரின் பாடம் என்று ஏற்க மறுப்பது. இரண்டு பாடங்களை வரிக்கு வரி ஒப்பிடுவது. இந்தக் காட்சி அந்த வடிவத்தில் எங்கே இருந்தது, யார் வெட்டினார், ஏன் வெட்டினார் என்று பட்டியலிடுவது. உ. வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளை அடுக்கி வைத்துக்கொண்டு செய்த வேலையின் பெயர் பாடபேதம் காண்பது. சூப்பர் ஹீரோ ரசிகர்கள் தாங்கள் அதைத்தான் செய்கிறோம் என்று அறியாமலே செய்துகொண்டிருக்கிறார்கள்.

வியப்புக்குரிய செய்தி இன்னொன்று: அந்த 242 நிமிட வடிவம் அகன்ற திரைக்கு உரியதல்ல, 4:3 என்ற பழைய விகிதத்தில் அமைந்தது. மௌனக்காலச் சட்டகத்தின் விகிதமும் அதுதான். பின்னர் அதற்குக் கறுப்பு வெள்ளை வடிவமும் வந்தது. நீண்ட நேரம் அசையாத உருவங்கள், பகுதி பகுதியாகப் பிரித்து எழுத்துத் தலைப்புகள், உயரமான சட்டகம்: 2021இன் அந்தப் படம் 2017இன் தன் உடன்பிறப்பைவிட 1920களுக்கு நெருக்கமாக நிற்கிறது. அது நல்ல படமா என்பது வேறு கேள்வி. பல இடங்களில் ஸ்லோ மோஷன் பொருள் இழந்து வெறும் பாணியாகச் சரிகிறது. அங்கே ‘லேக்’ என்று சொல்பவரை மறுப்பது கடினம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அவர் இரண்டு வடிவங்களையும் பார்த்திருக்கிறார். ‘நோஸ்ஃபெராட்டு’வைப் பாடத்திட்டத்தில் வைக்கும் எத்தனை துறைகள் அதன் இரண்டு பிரதிகளை ஒப்பிட்டுக் காட்டியிருக்கின்றன?

தொலைக்காட்சித் தொடரில் ஓட்டத்தின் பொறுப்பாளர் யார் என்ற கேள்வி இன்னும் வெளிப்படையானது. 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘பேட்மேன்’ தொடங்கியபோது வாரத்துக்கு இரண்டு அரைமணிப் பகுதிகள் வந்தன. புதன்கிழமை நாயகன் ஏதாவதொரு மரணப் பொறியில் மாட்டுவான், வியாழக்கிழமை தப்புவான். கதையின் முடிச்சு எங்கே விழ வேண்டும் என்பதை எழுத்தாளரோடு சேர்ந்து ஒளிபரப்பு அட்டவணையும் முடிவு செய்தது. அதுவும் அவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1943இல் வந்த பேட்மேன் திரைத்தொடர் பதினைந்து அத்தியாயம். அதற்கும் முன்னால் பிரான்சில் லூயி ஃபொய்யாட் 1915–16இல் ‘லே வாம்பீர்’ என்ற பத்துப் பகுதித் தொடரை அரங்குகளில் விட்டார். 1917இல் வெளிவந்த அவருடைய ‘ஜூடெக்ஸ்’ கறுப்பு அங்கியும் அகன்ற தொப்பியும் அணிந்து, பாழடைந்த கோட்டையின் அடியில் இரகசிய இருப்பிடம் வைத்துக்கொண்டு, அநீதிக்குப் பழிவாங்கும் நாயகனைப் பற்றியது. சூப்பர் ஹீரோவின் அங்கியும் தொடரின் தவணை முறையும் மௌனக்காலத்திலேயே ஒரே வீட்டில் பிறந்தவை. ‘லே வாம்பீர்’ ஏறத்தாழ ஏழு மணிநேரம். அதை இன்று ஒரே அமர்வில் பார்த்துவிட்டு இழுவை என்று சொல்பவர், தவணையாகத் தின்ன வேண்டியதை ஒரே இலையில் கொட்டிக்கொண்டு வயிறு வலிக்கிறது என்பவரைப் போன்றவர்.

‘வாண்டாவிஷன்’ பற்றிய குறை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டியது. 2021 ஜனவரி 15இல் முதல் இரண்டு பகுதிகள் ஒன்றாக வந்தன. மொத்தம் ஒன்பது பகுதிகள், மார்ச் 5 வரை வாரம்தோறும். முதல் பகுதி 1950களின் அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் போலக் கறுப்பு வெள்ளையில், அரங்கப் பார்வையாளரின் சிரிப்பொலியோடு எடுக்கப்பட்டது. மார்வெல் படங்களின் சண்டையை எதிர்பார்த்து அமர்ந்தவர்கள் பொறுமையிழந்தார்கள். விருந்துக் காட்சியில் மேலதிகாரிக்குத் தொண்டையில் உணவு சிக்குகிறது. அவர் மனைவி சிரித்த முகத்தோடு ‘நிறுத்துங்கள், நிறுத்துங்கள்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சிரிப்பொலி காணாமல் போகிறது. கேமரா அதுவரை நகராத விதத்தில் நகர்கிறது. நகைச்சுவைத் தொடரின் சீரான தாளம் சில கணங்களுக்கு அறுந்து, அதன் அடியில் இருந்த பீதி எட்டிப் பார்க்கிறது. முன்னே இருந்த அந்த ‘லேக்’ இல்லாமல் இந்த அறுப்பு நிகழ முடியாது. வாரத் தவணையும் இதற்குத் துணை நின்றது. ஏழு நாள் இடைவெளியில் ரசிகர்கள் தாங்களே கதை கட்டினார்கள், ஊகித்தார்கள், சண்டையிட்டார்கள். பின்னாளில் ஒரே இரவில் ஒன்பது பகுதியையும் பார்த்தவருக்கு அந்த ஏழு நாட்கள் இல்லை. இருவரும் ஒரே தொடரைப் பற்றிப் பேசுவதாக எண்ணி வாதிடுகிறார்கள்.

எல்லா மந்தத்துக்கும் பொருள் தேடிக்கொடுக்க முனைவதும் நேர்மையல்ல. 2013இல் மார்வெலும் நெட்ஃபிளிக்ஸும் உடன்பாட்டை அறிவித்தபோதே நான்கு தொடர்கள், ஒவ்வொன்றும் பதின்மூன்று பகுதி என்று எண்ணிக்கை நிச்சயமாகிவிட்டது. ‘டேர்டெவில்’ உள்ளிட்ட அந்தத் தொடர்களில் நடுப்பகுதி தொய்கிறது என்று ரசிகர்கள் மீண்டும் மீண்டும் சொன்னார்கள். எட்டு அல்லது பத்துப் பகுதிக்குரிய கதையைப் பதின்மூன்றுக்கு இழுத்தால் அது தொய்யத்தான் செய்யும். பின்னர் ‘அயர்ன் ஃபிஸ்ட்’ இரண்டாம் பருவம் பத்துப் பகுதியாகக் குறைந்தது. ரசிகர்கள் கூர்மையாகக் கண்டது உண்மையான குறை. ஆனால் அதன் காரணம் இயக்குநரின் அழகியல் அல்ல, கதை எழுதுமுன்பே நிரப்பப்பட்ட ஒரு கட்டம்.

இந்தியப் பார்வையாளருக்கு இதில் தனி அனுபவம் ஒன்று உண்டு, ஆய்வுகளில் அது போதிய இடம் பெறுவதில்லை. இடைவேளை. ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ 181 நிமிடம், இயக்குநர்கள் அதை இடைவேளை இல்லாமல் அமைத்தார்கள். இந்திய அரங்குகளில் அது நடுவில் எங்கோ ஓரிடத்தில் நின்றது. விளக்கு எரிந்தது, மக்காச்சோளப் பொரி வந்தது. தமிழ், இந்திப் படங்களில் இடைவேளைக்கென்றே ஒரு திருப்பம் எழுதப்படுகிறது. அதை எதிர்பார்த்தே பார்வையாளரின் மூச்சு ஏறி இறங்குகிறது. ஹாலிவுட் படத்திலோ அரங்கு நிர்வாகம் வசதிக்கேற்ப ஓரிடத்தில் கத்தரிக்கோலை வைக்கிறது. உரையாடலின் நடுவில்கூட. ‘முதல் பாதி லேக், இரண்டாம் பாதி சூப்பர்’ என்று வெளியே வந்து சொல்பவர், உலகின் பெரும்பகுதியில் இல்லாத ஒரு ‘முதல் பாதி’யைப் பற்றிச் சொல்கிறார். அந்தத் தீர்ப்பைப் பிழை என்று தள்ளுவதைவிட, இந்தியாவில் ஓடிய ‘எண்ட்கேம்’ ஒரு தனிப் பாடபேதம் என்று எழுதிவைப்பது பயனுள்ளது.

கடிகாரம் இப்போது பார்வையாளரின் கைக்கே வந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸ் 2019இல் ஓட்ட வேகத்தை மாற்றும் வசதியைச் சோதித்தபோது ஜட் ஆபடோ, பிராட் பேர்ட் போன்ற இயக்குநர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2020 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு கருவிகளில் அது வந்தேவிட்டது. பாதி வேகம் முதல் ஒன்றரை மடங்கு வரை. கலைஞனின் காலத்தைப் பார்வையாளர் திருடுகிறார் என்பது இயக்குநர்களின் வாதம். ஆனால் அமெரிக்கக் காதுகேளாதோர் அமைப்பும் பார்வையற்றோர் அமைப்பும் இந்த வசதியை வரவேற்றன. எழுத்துரையைப் படிக்கக் கூடுதல் நேரம் வேண்டியவர்கள் உண்டு. காதால் விரைவாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு இயல்பு வேகமே இழுவையாக இருக்கும். புனிதமான ஒற்றை வேகம் என்ற வாதம் இவர்களுக்கு முன் நிற்காது. தவிரவும், படைப்பாளியின் வேகம் இதற்கு முன் எப்போதாவது பத்திரமாக இருந்ததா? விளம்பரத்துக்கு இடம் பிடிக்கப் பழைய தொடரின் மறுஒளிபரப்பைச் சற்றே வேகப்படுத்தி ஓட்டிய அமெரிக்க அலைவரிசை ஒன்று 2015இல் செய்தியில் அடிபட்டது. நூறாண்டுகளுக்கு முன் கூட்ட நாளில் கருவியை வேகமாக ஓட்டிய அரங்குக்காரரும் அதைத்தான் செய்தார். வேறுபாடு ஒன்றே: அன்று பார்வையாளருக்குத் தெரியாமல் நடந்தது, இன்று பார்வையாளர் தானே பொத்தானை அழுத்துகிறார், அழுத்துவது அவருக்குத் தெரியும். தெரிந்து செய்வது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ‘காலிகாரி’யைப் பார்த்த மாணவர், செசாரே உறக்கத்திலிருந்து மெல்ல மெல்லக் கண் திறக்கும் காட்சியைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது, எந்த வேகத்தில் பார்த்தார் என்பதையும் எழுதியாக வேண்டும்.

ரசிகர்களின் மீது உண்மையாகவே வைக்கத்தக்க குறை வேறொன்று. மூதாதையரைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்குள்ள ஆர்வம், மூதாதையரைப் பார்ப்பதில் இல்லை. ஜோக்கரின் விரிந்த சிரிப்பு 1928ஆம் ஆண்டின் ‘தி மேன் ஹூ லாஃப்ஸ்’ படத்தில் கான்ராட் ஃபைட் ஏற்ற வேடத்தின் புகைப்படத்திலிருந்து வந்தது என்பது எந்த ரசிகருக்கும் மனப்பாடம். ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தின் மாக்ஸ் ஷ்ரெக் என்ற பாத்திரப்பெயர் ஓர்லோக்காக நடித்தவரின் பெயர் என்பதும் தெரியும். அந்தப் புகைப்படம் ஆயிரம் முறை பகிரப்படுகிறது. படம் பார்க்கப்படுவதில்லை. அசையாத படத்துக்கு ‘லேக்’ கிடையாது அல்லவா! டாட் பிரௌனிங்கின் ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ இதன் உச்சம். லான் சேனியின் கூர்பற்களும் உயரத் தொப்பியும் உள்ள அந்த 1927ஆம் ஆண்டுப் படத்தின் கடைசிப் பிரதி 1965இல் எம்ஜிஎம் கிடங்குத் தீயில் போனதாக அறியப்படுகிறது. 2002இல் புகைப்படங்களைக் கோத்து ஒரு மறுகட்டுமானம் செய்தார்கள். எவரும் ஓடப் பார்த்திராத அந்தப் படத்தை ரசிகர்கள் பெரும்படைப்பு என்று போற்றுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ‘நோஸ்ஃபெராட்டு’வை இழுவை என்கிறார்கள்.

‘நோஸ்ஃபெராட்டு’வும் அப்படிப் போயிருக்க வேண்டியதுதான். உரிமை பெறாமல் ‘டிராகுலா’வைத் தழுவியதற்காகத் திருமதி ஸ்டோக்கர் தொடுத்த வழக்கில், பிரதிகளை அழிக்கும்படி 1925இல் ஜெர்மானிய நீதிமன்றம் ஆணையிட்டது. தயாரித்த பிரானா நிறுவனம் அந்த ஒரு படத்தோடு திவாலானது. வெளிநாடுகளுக்குப் போயிருந்த பிரதிகள், நிறம் போனவை, வெட்டுப்பட்டவை, எழுத்து அட்டைகள் மாற்றப்பட்டவை, படத்தைக் காப்பாற்றின. 2005–06இல் முர்னாவ் அறக்கட்டளை அவற்றை ஒப்பிட்டு, நிறமேற்றத்தோடும் ஹான்ஸ் எர்ட்மானின் இசையோடும் ஒரு பதிப்பைச் செப்பம் செய்தது. இன்று கைக்கெட்டும் 94 நிமிட வடிவம் அப்படி வந்தது.

இந்திய மௌனப்படத்தைப் பற்றி எழுதுவோருக்கு இது அயலான சிக்கலல்ல. ‘ராஜா ஹரிச்சந்திரா’வின் எஞ்சிய சுருள்கள் 1913ஆம் ஆண்டுப் படத்தினுடையவையா, ஃபால்கே 1917இல் மீண்டும் எடுத்ததினுடையவையா என்பதிலேயே வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் ஆய்வேடுகளில் படப்பட்டியல் என்றால் தலைப்பு, இயக்குநர், ஆண்டு, அதோடு சரி. ஒரு சங்கப் பாடலை மேற்கோள் காட்டினால் எந்தப் பதிப்பு என்று நெறியாளர் கேட்பார். படத்துக்கு எவரும் கேட்பதில்லை. ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஆபரா’வின் பிரதிகளுள் பார்வைக்குத் தெளிவாக இருப்பது 1929இன் மறுதொகுப்பைச் சார்ந்தது, 1925இன் மூல வடிவம் தேய்ந்த பதினாறு மில்லிமீட்டர்ச் சுருளாகவே கிடைக்கிறது. முகமூடி கழன்று விழும் அந்தப் புகழ்பெற்ற காட்சியின் படத்தொகுப்பைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதிவிட்டு, ‘1925’ என்று மட்டும் அடைப்புக்குறியில் போட்ட ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி, ஓடிய நேரம் எத்தனை நிமிடம் என்பதாக இருக்க வேண்டும். ஸ்னைடரின் ரசிகரிடம் அதைக் கேட்டுப் பார்க்கட்டும். இரண்டு வடிவங்களின் நிமிடக் கணக்கையும் ஏட்டைப் புரட்டாமலே சொல்லிவிடுவார்.